வெந்தயம் இல்லாத வீடு

என் மகள் கயலுக்குப் பருப்புச் சோறு ஊட்டக் கூடாது. பால் கூடாது. முட்டை, கறி, மீன் எதுவும் கூடாது. எங்கள் தெருவில் இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது. “பச்சப் பிள்ளைய பட்டினி போட்டு வதைக்கிறான்யா” என்று முதுகுக்குப் பின்னால் பேசுகிறார்கள். பேசட்டும். ஆனால் விவரம் தெரியாமல் யாராவது பாசத்தில் ஒரு கிண்ணம் பருப்பை ஊட்டிவிட்டால், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திரும்ப மதுரைக்கு ஓட வேண்டியவன் நான்தான். அதனால் நடந்ததை ஒருமுறை முழுதாக எழுதிவிடுகிறேன். இதைப் படித்துவிட்டு என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள்.

நான் போடியில் ஒரு ஏலக்காய்க் கடையில் தரம் பிரிக்கிறவன். மலையிலிருந்து ஜீப்பில் இறங்குகிற மூட்டையில் கையை விட்டு ஒரு பிடி எடுத்தால் முதலில் மோந்துதான் பார்ப்பேன். நிறமும் பருமனும் அதற்குப் பிறகுதான். சூடு கூடிப்போன காய்க்கு ஒரு வாடை, ஈரத்தோடு கட்டிய காய்க்கு ஒரு வாடை, போன வருடத்துக் காயைப் புதுசோடு கலந்திருந்தால் அதற்கு ஒரு வாடை. “வீட்டுக்குப் போறப்ப மூக்கக் கழட்டி கடையில வச்சுட்டுப் போப்பா” என்று முதலாளி கேலி செய்வார். எனக்கு அதில் பெருமை. பெருமை என்ன, திமிர் என்றே சொல்லலாம். எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. மூட்டையில் ஒரு வாடை அடித்தால் அது எதனால் என்று கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடிக்க முடியாவிட்டால் அந்த மூட்டையைக் கட்டாமல் தனியாக ஒதுக்கிவைக்க வேண்டும். இருபது வருடமாக நான் இதில் தவறியது இல்லை, கடையில்.

என் மனைவி முருகேஸ்வரி என் தாய்மாமன் மகள். மாமா மலைமேல் கேரளப் பக்கம் ஓர் ஏலத்தோட்டத்தில் வேலை பார்க்கிறார். முருகேஸ்வரிக்கு அம்மா இல்லை, எனக்கும் இல்லை. அதனால் எங்கள் முதல் பிரசவத்துக்குப் பத்தியச் சாப்பாடு எல்லாம் நானே செய்தேன். பக்கத்து வீட்டு அக்காவிடம் பக்குவம் கேட்டு, கருப்பட்டி போட்டு, நல்லெண்ணெய் விட்டு வெந்தயக் களி கிண்டினேன். பால் நன்றாக ஊறும் என்பார்கள். முதல் நாள் கட்டி தட்டிப் போனது. இரண்டாம் நாளிலிருந்து முருகேஸ்வரியே, “மச்சான், நீங்க ஏலக்காய விட்டுட்டுக் களிக்கடை போட்டுருங்க” என்றாள்.

பையன் பிறந்திருந்தான். நாலாம் நாள் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். ஐந்தாம் நாள் ஈரத்துணியை மாற்றும்போது எனக்கு அந்த வாசம் அடித்தது. கருப்பட்டிப் பாகு அடிபிடித்த வாசம், அதற்குள்ளே வெந்தயம். நாலைந்து நாளாகக் களியிலேயே கிடந்த முருகேஸ்வரிக்கு அது தனியாகத் தெரியவில்லை. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. கடைக்குப் போய், “நான் கிண்டுன களி ஆத்தாகிட்டருந்து பிள்ளை மூத்திரம் வரைக்கும் எறங்கியிருக்குப்பா” என்று சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஆறாம் நாள் பால் குடிக்க மறுத்தான். ஏழாம் நாள் கீச்சென்று ஒரு அழுகை, பிறகு உடம்பைப் பின்பக்கமாக வில் மாதிரி வளைத்தான். ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ரத்தத்தில் கிருமி இருக்கலாம் என்று ஊசி போட்டார்கள். பிறந்த பிள்ளை இப்படித் துவண்டு போனால் யாருமே முதலில் அதைத்தான் நினைப்பார்களாம். அந்த டாக்டர்கள்மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஒன்பதாம் நாள் மத்தியானம் பிள்ளை போய்விட்டான். எங்கள் வீட்டில் முப்பது நாள் கழித்துத்தான் பெயர் வைப்பது. அவனுக்குப் பெயர் வைக்கவில்லை.

இன்னொன்றையும் இங்கே எழுதிவிட வேண்டும். ஆஸ்பத்திரியில் இருந்த அந்த மூன்று நாளும் முருகேஸ்வரி களி சாப்பிடவில்லை. வேறு எதுவும்கூடச் சாப்பிடவில்லை, காப்பித் தண்ணிதான். களி நின்றதும் பிள்ளைத் துணியில் வாசம் குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை, கூடியது. என் மூக்குக்கு அது நன்றாகத் தெரிந்தது. இதென்ன என்று ஒரு கணம் நினைத்தேன். பிள்ளை கிடக்கிற கிடையில் வாசத்தைப் போய் டாக்டரிடம் சொல்வார்களா என்று வெட்கமாக இருந்தது. விட்டுவிட்டேன். முருகேஸ்வரியிடமும் சொல்லவில்லை.

துக்கம் கேட்க வந்தவர்களில் ஒருத்தி, “வெந்தயம் குளிர்ச்சி, பச்சப்பிள்ளைக்கு ஆகல போல” என்று சொல்லிவிட்டுப் போனாள். முருகேஸ்வரி அதைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு வருடம் கழித்துத் திரும்ப உண்டானபோது வீட்டிலிருந்த வெந்தயத்தைப் பொட்டலத்தோடு சாக்கடையில் கொட்டினாள். தோசை மாவில் வெந்தயம் கிடையாது. மீன்குழம்புத் தாளிப்பில் கிடையாது. கடையில் விற்கிற சாம்பார்ப் பொடி வாங்கக் கூடாது, அதில் கலந்திருப்பார்களாம். “வெந்தயம் வீட்டுக்குள்ள வந்துச்சு, நான் வீட்ட விட்டு வெளிய போயிருவேன் மச்சான்” என்றாள். சரி என்றேன். களி கிண்டியவன் நான் அல்லவா?

கயல் பிறந்தாள். அம்மாவைப் போல நீள விரல்கள். ஐந்தாம் நாள் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கடையிலிருந்து வந்தவன், முருகேஸ்வரி கண் அசந்திருந்ததால் நானே துணியை மாற்றினேன். அதே வாசம்.

நேராக அடுப்படிக்குப் போனேன். அஞ்சறைப் பெட்டியைத் திறந்தேன். கடுகு, சீரகம், மிளகு, உளுந்து. வெந்தயம் இருந்த குழி காலி. ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து மோந்தேன். மாவுச் சட்டியை மோந்தேன். பரணில் இருந்த பழைய மஞ்சள்பையைக்கூட உதறிப் பார்த்தேன். சத்தம் கேட்டு முருகேஸ்வரி எழுந்து வந்து வாசலில் நின்றாள்.

“என்ன மச்சான் தேடுறீங்க?”

“வெந்தயம் எங்கயாச்சும் கெடக்கான்னு பாக்குறேன்.”

“இந்த வீட்டுலயா? பைத்தியம் பிடிச்சிருக்கா உங்களுக்கு?”

“பக்கத்து வீட்ல எதுவும் வாங்கித் தின்னியா?”

“தண்ணிகூட வாங்கிக் குடிக்கல.”

அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன். வெந்தயம் இல்லாத வீட்டில் வெந்தய வாசம் அடிக்கிறது. அப்படியானால் அது ஒருநாளும் வெந்தயமாக இருந்ததில்லை. அது பிள்ளையிலிருந்தே வருகிற வாசம். மூத்தவனுக்கும் அப்படித்தான் வந்தது. அதை நான் மோந்து பார்த்துவிட்டுக் கடையில் சிரிப்புக் காட்டினேன்.

“பால் குடிச்சாளா?” என்று கேட்டேன்.

“காலையிலருந்து சரியா இழுக்க மாட்டேங்குறா. தூக்கமாவே கெடக்கா.”

ஏலத்துக்கு அனுப்பும் சாம்பிள் காயைக் காற்றுப் புகாத சின்ன பிளாஸ்டிக் பையில் போட்டு அழுத்தி மூடுவோம். என் சட்டைப் பையில் எப்போதும் இரண்டு மூன்று கிடக்கும். ஈரத்துணியை அதில் திணித்து மூடினேன். பிள்ளையையும் அவளையும் ஆட்டோவில் ஏற்றிப் போடியிலேயே ஒரு குழந்தை டாக்டரம்மாவிடம் போனேன். பையை மேசைமேல் வைத்து, “இத மோந்து பாருங்கம்மா” என்றேன். அங்கிருந்த நர்சு என்னை ஒரு மாதிரி பார்த்தார். டாக்டரம்மா பையைத் திறந்து மூக்குக்கு நேரே பிடித்தார். மூடிவிட்டு மறுபடி திறந்து பிடித்தார். பிறகு பிள்ளையின் காதுக்குள் பஞ்சை விட்டு எடுத்து அதையும் மோந்தார்.

“இதைப் புஸ்தகத்துலதான் படிச்சிருக்கேன். வெரசா மதுரைக்குக் கிளம்புங்க, நான் போன் பண்ணிச் சொல்லிடறேன். இனிமே பால் குடுக்க வேண்டாம்” என்றார்.

“எதுக்குங்கம்மா பால் குடுக்கக் கூடாது?” என்று முருகேஸ்வரி கேட்டாள். அவருக்கு அப்போது விளக்க நேரம் இல்லை. ஆம்புலன்ஸ் ஆண்டிபட்டிக் கணவாய் ஏறி இறங்கி, உசிலம்பட்டி தாண்டி மதுரை போகும்வரைக்கும் அவள் அதையேதான் என்னிடம் கேட்டுக்கொண்டு வந்தாள்.

மதுரையில் பிள்ளையைக் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோனார்கள். குதிகாலில் குத்தி, தடித்த காகிதம் ஒன்றில் வட்டம் வட்டமாக ரத்தத்தை ஒற்றினார்கள். காய்ந்த பிறகு அதைச் சென்னைக்கு அனுப்பினார்கள். முடிவு வர மூன்று நாள் ஆகும், அதுவரை காத்திருக்க முடியாது என்று உடனே வைத்தியத்தைத் தொடங்கினார்கள். தொப்புள் வழியாகச் சர்க்கரைத் தண்ணீர் ஏறியது. வயிற்றில் ஒரு குழாய் போட்டு, அதன் வழியாக ஒரு திரவத்தை உள்ளே விட்டுக் கொஞ்ச நேரம் ஊறவைத்து வெளியே வடித்தார்கள். விஷம் அதோடு வரும் என்றார்கள். மணிக்கு ஒரு தரம் அதைச் செய்தார்கள். பிள்ளைக்கு என்னதான் விஷம் என்று எங்களுக்கு விளங்கவில்லை.

விளங்கவைத்தவர் அங்கே உணவு முறை சொல்லிக்கொடுக்கும் பெண். இருபத்தைந்து வயதுதான் இருக்கும். என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவார். அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன்.

நம் சதை, தோல், முடி, ரத்தத்தின் சிவப்பு எல்லாம் புரதம். புரதம் என்பது கோத்த மாலை. மணிகளுக்குப் பெயர் அமினோ அமிலம். உடம்பு கோப்பதற்கு இருபது வகை மணிகள் உண்டு. ஒவ்வொரு மணிக்கும் ஒரு தலையும் ஒரு வாலும். ஒன்றின் வால் அடுத்ததன் தலையோடு சேரும்போது ஒரு துளி தண்ணீர் கழன்று வெளியே போகும், மணிகள் இறுகிக்கொள்ளும். கோத்த மாலை நீளமாகவே கிடக்காது. தானாக மடிந்து சுருண்டு ஒரு வடிவத்துக்கு வரும். அந்த வடிவம் சரியாக இருந்தால்தான் அது தன் வேலையைச் செய்யும். நாம் சாப்பிடும் பருப்பும் பாலும் முட்டையும் ஏற்கெனவே கோத்த மாலைகள். வயிறு அவற்றை அறுத்து மணி மணியாக உதிர்க்கும். உடம்பு தனக்கு வேண்டியதைத் திரும்பக் கோத்துக்கொண்டு மிச்சத்தை எரித்துவிடும்.

“இதுல மூணு மணி இருக்குண்ணே. லியூசின், ஐசோலியூசின், வாலின். மூணுக்கும் கிளை விட்ட மாதிரி ஒரு பக்கம் பிரிஞ்சிருக்கும். அந்த மூணையும் எரிக்க ஒரே அடுப்புதான். உங்க பிள்ளைக்கு அந்த அடுப்பு வேலை செய்யல. எரியாத மிச்சம் ரத்தத்துல சேந்து மூளைக்குப் போகுது. கருப்பட்டி வாசம் அந்த மிச்சத்தோட வாசம். வெந்தயத்துல மணக்குற அதே பொருள்தான் இதுலயும் இருக்கு.”

“அடுப்பு ஏன் வேலை செய்யலம்மா?”

“அந்த அடுப்பும் ஒரு புரதம்தாண்ணே. அதுவும் கோத்த மாலைதான். நூத்துக்கணக்கான மணியில ஒரு மணி மாறிப்போனாக்கூடப் போதும், சரியா மடியாது.”

ஒரு மணி. நான் நாள் முழுக்க ஆயிரக்கணக்கான காயைச் சல்லடையில் போட்டு அலசுகிறவன். ஒரு காய் மாறியிருந்தால் நாங்கள் கவலைப்பட மாட்டோம்.

“அப்ப என் பால்தான் அவளுக்கு விஷமாப் போச்சா?” என்று முருகேஸ்வரி கேட்டாள்.

“பால் நல்ல பால்தாங்க்கா. பிள்ளையால அதைத் தாங்க முடியல, அவ்வளவுதான்” என்றார் அந்தப் பெண். அந்த வித்தியாசம் முருகேஸ்வரியின் காதில் ஏறவில்லை.

அடுத்த நாட்களில் அவளுக்குப் பால் கட்டிக்கொண்டு காய்ச்சல் வந்துவிட்டது. மூன்று மணிக்கு ஒரு தரம் பெண்கள் குளியலறைக்குப் போய்ப் பிழிந்து ஊற்றிவிட்டு வருவாள். வெளியே நான் நிற்பேன். குழாய்த் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்கும். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் பிள்ளை பசியில் வாயைச் சப்புக்கொட்டுவதை ஒருமுறை பார்த்தாள். அதற்குப் பிறகு கதவுப் பக்கமே வரவில்லை.

பாலை நிறுத்திவிட்டால் சரியாகிவிடும் என்றுதான் நானும் நினைத்தேன். அதுவும் தப்பாம். சாப்பாடு இல்லை என்றால் உடம்பு தன் சதையையே அறுத்து மணிகளை உதிர்க்கும், அதே விஷம் உள்ளேயிருந்து வரும். அதனால்தான் சர்க்கரையும் கொழுப்பும் விடாமல் ஏற்றினார்கள். காய்ச்சல் வந்தால் பட்டினி போடுங்கள் என்று எங்களிடம் யோசனை சொல்லும் தெருக்காரர்கள் இந்த வரியை இரண்டு தரம் படிக்கவும்.

சேதி கேட்டு மாமா தோட்டத்திலிருந்து ஜீப் பிடித்து இறங்கி வந்துவிட்டார். ஒரு பிளாஸ்கும் ஒரு கம்பளியும் கொண்டுவந்தார். மலையில் இருப்பவருக்கு மதுரை வெயிலில் கம்பளி எதற்கென்று தோன்றவில்லை. பேத்தியைக் கண்ணாடி வழியாகப் பார்த்து, “மோளே, தாத்தா வந்திருக்கேன்டா” என்றார். தோட்டத்துப் பழக்கத்தில் அவருக்குத் தமிழும் மலையாளமும் கலந்துதான் வரும். தினமும் காலையில் எங்களுக்கு இட்லி வாங்கி வருவார். முருகேஸ்வரியின் இட்லியைப் பிட்டு வாயருகே வைத்துக்கொண்டு அவள் வாய் திறக்கும்வரை நிற்பார். பொம்பளைப் பிள்ளையைத் தாய் இல்லாமல் வளர்த்தவர்.

மூன்றாம் நாள் சென்னையிலிருந்து முடிவு வந்தது. போடி டாக்டரம்மா மோந்து பார்த்துச் சொன்னதுதான். அதற்குள் துணியில் வாசம் குறைந்திருந்தது. நர்சு அம்மாவிடம் கெஞ்சித் தினமும் ஒரு துணியை வாங்கி மோந்துகொண்டிருந்தேன். ஆறாம் நாள் வாசமே இல்லை. ஏழாம் நாள் கயல் கண்ணைத் திறந்து அழுதாள். சாதாரணப் பிள்ளைகள் அழுகிற அழுகை. அந்த மூன்று மணிகள் இல்லாமல் செய்த மாவுப் பால் ஒன்றை வெளியூரிலிருந்து தருவித்துக் கொடுத்தார்கள்.

அப்போது அந்த உணவுப் பெண் ஒரு சின்ன அளவுக் குவளையோடு வந்தார். “லியூசின் சுத்தமா இல்லாட்டியும் பிள்ளை வளராதுக்கா. கோக்கிறதுக்குக் கொஞ்சம் வேணும். ஒரு நாளைக்கு இந்தக் கோடு வரைக்கும் உங்க பால் குடுக்கலாம்” என்றார். முருகேஸ்வரி குவளையை வாங்கி அந்தக் கோட்டைப் பார்த்தாள். இரண்டு வாய்கூட வராது. அவள் அழுததை அந்த வார்டே திரும்பிப் பார்த்தது.

வீட்டுக்கு அனுப்புவதற்கு முன்னால் பரம்பரை நோய் பார்க்கும் டாக்டர் ஒருவர் எங்கள் மூவரையும் உட்காரவைத்தார். வெள்ளைத்தாளில் படம் போட்டார். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம். எனக்கும் முருகேஸ்வரிக்கும் நடுவில் ஒரு கோடு போதாதென்று இரண்டு கோடு இழுத்தார். சொந்தத்துக்குள் கல்யாணம் செய்தால் அப்படியாம். அந்த அடுப்பை எப்படிக் கோப்பது என்று சொல்லும் மரபணுவில் எங்கள் இருவரிடமும் ஒரு நல்ல எழுத்தும் ஒரு கெட்ட எழுத்தும் இருக்கிறது, இரண்டு கெட்டதும் ஒரு பிள்ளைக்குச் சேர்ந்தால் இந்த நோய், ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு என்றார்.

மாமா எழுந்து நின்றுவிட்டார். “நான்தான் மாப்ளே, சொந்தம் விட்டுப் போகக் கூடாதுன்னு புடிச்ச புடியா நின்னு கட்டிவச்சேன்” என்றார். டாக்டர் அவரை உட்காரச் சொல்லி, இதில் யார்மேலும் தப்பு இல்லை என்றார். மாமா உட்காரவில்லை.

டாக்டர் கயலின் வட்டத்துக்கு இடப்பக்கம் ஒரு கட்டம் போட்டு அதன் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். “மூத்த பையன், ஒன்பது நாள். அவனுக்கும் இந்த வாசம் இருந்துச்சா?”

முருகேஸ்வரி, “அப்ப நான் வெந்தயக் களி சாப்பிட்டேன் சார், அதனால தெரியல” என்றாள்.

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தாளைப் பார்த்தேன். கட்டத்தின் குறுக்கே அந்தக் கோடு இருந்தது.

“இருந்துச்சு சார். களிய நிறுத்தின பிறகு கூடுச்சு. எனக்குத் தெரிஞ்சுச்சு. யார்கிட்டயும் சொல்லல” என்றேன்.

“நீங்க அன்னிக்கே சொல்லியிருந்தாலும் காப்பாத்தியிருக்க முடியும்னு உறுதியாச் சொல்ல முடியாது” என்றார் டாக்டர். நல்ல மனிதர். முருகேஸ்வரி என் பக்கம் திரும்பவில்லை. விரலால் அந்தக் கட்டத்தைத் தொட்டு, “இதுல பேரு எழுதுங்க சார்” என்றாள்.

“பேரு வைக்கலையே” என்றேன்.

“நான் வச்சிருந்தேன். முகிலன்.”

டாக்டர் எழுதினார். இரண்டு வருடத்துக்கும் மேலாக அவள் அந்தப் பெயரை வைத்துக்கொண்டு என்னோடு இருந்திருக்கிறாள். எனக்கு அது தெரியாது. நான் மறைத்துவைத்திருந்த வாசம் அவளுக்குத் தெரியாது.

கயல் இப்போது பிடித்துக்கொண்டு நிற்கிறாள். மற்ற பிள்ளைகளைவிடப் பிந்தித்தான், ஆனால் நிற்கிறாள். அவளுக்குச் சோறும் காயும் தராசில் நிறுத்துத்தான் போடுகிறோம். அந்த வேலை முருகேஸ்வரியுடையது. அவள் என்னோடு பேசுகிறாள், சோறு போடுகிறாள், சிரிக்கக்கூடச் செய்கிறாள். வெந்தயம் வீட்டுக்குத் திரும்ப வரவில்லை. வந்தால் என் மூக்கு குழம்பிவிடும் என்பதால் நானே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவளுடைய அலுமினிய அஞ்சறைப் பெட்டியில் அந்தக் குழி காலியாகவே இருக்கிறது.

தினமும் காலையில் கடைக்குக் கிளம்புவதற்கு முன்னால் அவள் கயலின் ஈரத்துணியைக் கொண்டுவந்து என் கையில் கொடுப்பாள். நான் மோந்து பார்த்து, ஒன்றும் இல்லை என்று சொன்ன பிறகுதான் செருப்பை மாட்ட வேண்டும். போன வாரம் மேலேயிருந்து லோடு வந்து நிற்கிறது என்று கடையிலிருந்து போன் வந்தது. அவசரத்தில் துணியை வாங்கி முகத்துக்கு நேரே ஒரு தரம் காட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

அவள் வாங்கவில்லை.

“முகிலனுக்கு மோந்த மாதிரி மோந்துட்டுப் போகாதீங்க மச்சான்.”

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தேன். துணியை விரித்து மோந்தேன். வெறும் மூத்திர வாடைதான் என்றேன். இன்னொரு தரம் பாருங்க என்றாள். பார்த்தேன்.